வலப்பக்கத்துப் பூஜ்யங்கள்

கிடங்கின் கணக்கில் கொக்கியின் பெயருக்கு நேரே நின்ற பாக்கி இருபத்தெட்டாயிரம். அதில் ஒரு காசுகூட அவன் வீட்டுக்குள் போனதில்லை. அத்தனையும் ஆபீசரின் முதுகுக்குள் போயிருந்தது.

ஆபீசர் என்றால் நிஜ ஆபீசர் இல்லை. கொக்கியோடு தோளுக்குத் தோள் நின்று சர்க்கரை மூட்டை தூக்கியவன்தான். லாரியில் சரிந்த அடுக்கிலிருந்து ஒரு மூட்டை முதுகில் வந்து விழுந்தது. ஆபரேஷனுக்கு நாற்பதாயிரம் என்றார்கள். அவன் பெயரில் ஏற்கெனவே அட்வான்ஸ் இருந்ததால் கம்பெனி கையை விரித்தது. கொக்கிதான் வியர்வை ஈரத்தோடு உள்ளே போய், "என் பேர்ல எழுதிக்கங்க" என்று கையெழுத்துப் போட்டான். கட்டிலில் கிடந்தவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வாராவாரம் உன் கூலியில பிடிக்கிற ஐநூறை நான் உன் கையில கொடுத்துடறேன் மச்சான்" என்றான். கண் கலங்கித்தான் சொன்னான். அப்போது அது பொய்யில்லை.

ஆறு வாரம் கொடுத்தான். ஏழாவது வாரம் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் வந்தது. எட்டாவது வாரம் கொக்கி கேட்கவில்லை. ஒன்பதாவது வாரம் இவன் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இருவருக்கும் நடுவில் மூடிவைத்த பாத்திரம் மாதிரி கிடந்தது. யார் திறந்தாலும் நாறும் என்று இருவருக்கும் தெரியும்.

வேலை நேரத்தில் அடிபட்டதற்குக் கம்பெனி அவனுக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் மகளின் பழைய பாடப் புத்தகத்தை நெஞ்சின்மேல் நிறுத்தி எழுத்துக் கூட்டிக் கற்றிருந்தான். முப்பத்திரண்டு வயதில் கற்ற எழுத்து. அதைக் கேள்விப்பட்ட முதலாளி, எடை மேடைக்குப் பக்கத்து அறையில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் அவனை உட்கார வைத்தார். அன்றைக்கே மூட்டை தூக்குகிறவர்கள் அவனுக்கு ஆபீசர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் ஒரு சலாமும் போடுவார்கள். கொக்கி மட்டும் சலாம் போடமாட்டான். அதுதான் ஆபீசருக்கு அதிகமாகச் சுட்டது.

வாரச் சம்பளச் சீட்டு அடிக்கும் நிரலை எப்போதோ ஒருவன் டிக்கிள் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன அச்சடித்த தாள்களை வைத்துக்கொண்டு ஆபீசர் அதை முட்டி மோதிக் கற்றான். மற்ற மொழி எதுவும் தெரியாததால் இது கஷ்டமா சுலபமா என்றும் தெரியாது. அதில் ஒரு விஷயம் மட்டும் அவன் மனசுக்கு ஒட்டிக்கொண்டது. டிக்கிளுக்கு எல்லாமே எழுத்துச் சரம்தான். ஆயிரம் என்று கொடுத்தால் அதற்கு ஆயிரம் இல்லை. ஒரு கோடு, பக்கத்தில் மூன்று வட்டம். கணக்குப் போடச் சொன்னால்தான் அதை எண்ணாகப் பார்க்கும். எழுத்துத் தெரியாத காலத்தில் கடைப் பலகைகளை இவனும் அப்படித்தான் பார்த்தான்.

ஒரு வியாழக்கிழமை முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"ஏம்ப்பா, இந்தப் புள்ளியும் ரெண்டு பூஜ்யமும் எதுக்கு எல்லாப் பாக்கியிலயும் வால் மாதிரி தொங்குது? என் கண்ணுக்கு லட்சம் லட்சமா தெரியுது. பைசாவை எவன் பாக்கறான், நறுக்கிடு."

"நறுக்கிடலாம் முதலாளி."

நறுக்குவதற்கு அந்த மொழியில் ஒரு கட்டளை இருந்தது. ஸ்ட்ரிங் ட்ரிம்ரைட். வலப்பக்க ஓரத்தை வெட்டு என்று அர்த்தம். எதை வெட்டுவது என்கிற இடத்தில் புள்ளி, பூஜ்யம், பூஜ்யம் என்று கொடுத்தான். தன் பெயரில் ஓட்டிப் பார்த்தான். அவன் சொந்தப் பாக்கி 6135.00. அது 6135 என்று வந்து பளிச்சென்று நின்றது. வேறு யார் பெயரிலும் ஓட்டிப் பார்க்கவில்லை. தன் பாக்கியை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிற பழக்கம் அவனுக்கு அதற்கு முன்பே வந்திருந்தது.

இன்னொன்றும் செய்தான். ஒவ்வொரு ஆளின் வரிசையிலும் பெயர், கூலி, பாக்கி, உடுப்பில் குத்திக்கொள்ளும் பித்தளை வில்லையின் எண் என்று நான்கு இருக்கும். பழைய ஆள் அந்த நான்கையும் சேர்க்கிற இடத்தில் லிஸ்ட் என்று ஒரு சொல் போட்டிருந்தான். ஆபீசருக்கு அது வீண் சொல்லாகப் பட்டது. நான்கையும் இரண்டு மேற்கோள் குறிகளுக்குள் இடைவெளி விட்டு எழுதினாலே போதுமே, சரமும் வரிசையும் ஒன்றுதானே என்று அதை எடுத்துவிட்டான்.

மறுநாள் சம்பள ஜன்னல் திறந்தது. ஒவ்வொரு வெள்ளியும் அந்த ஜன்னலில் சந்தை இரைச்சல். "நாலு நாள் வந்ததுக்கு மூணு நாள் கூலியா, ஆபீசரய்யா விரல்ல எண்ணுவீங்களா?" "உன் மெஷினுக்கு எங்கமேல என்னடா கோபம்?" என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லாமல் சீட்டு வாங்கமாட்டார்கள். அன்று சத்தமே இல்லை. சீட்டை வாங்குவார்கள், பார்ப்பார்கள், இன்னொரு தடவை பார்ப்பார்கள், சட்டென்று மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். எப்போதும் சண்டைக்கு நிற்கிற ஒருவன், "நல்லா இருங்க ஆபீசர்" என்று வாழ்த்திவிட்டுப் போனான். நம் வேலையை எல்லாரும் மெச்சுகிறார்கள் என்று ஆபீசர் நினைத்துக்கொண்டான்.

கொக்கி சீட்டை வாங்கினான். படித்தான். ஜன்னல் கம்பியில் நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், நீ என்ன பண்ணினன்னு கேக்க மாட்டேன். நீயும் சொல்லாத. வா, டீ சாப்பிடலாம்."

"நான் என்ன பண்ணேன்?"

"அதான்டா. அப்படியே சொல்லு யார் கேட்டாலும்."

டீக்கடையில் காசை அவனே கொடுத்தான். பல நாளுக்குப் பிறகு ஆபீசரின் தோளில் கை போட்டான். எதற்கு என்று கேட்க ஆபீசருக்கு ஆசைதான். கேட்டால் கை எடுபட்டுவிடுமோ என்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது கொக்கியின் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க மறந்துட்டீங்கன்னு நான்தான் தப்பா பேசிட்டேன். இவரு அப்பவே சொன்னாரு, அவன் மறக்கற ஆளில்லன்னு. மன்னிச்சுக்கங்க அண்ணே. இனி ரெண்டாவது ஷிஃப்டும் சேர்த்துத் தூக்க வேணாம், விட்டுடுங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அந்தத் தோளைப் பாத்திருக்கீங்களா? சட்டை போடும்போது கையைத் தூக்க முடியல."

"என்னம்மா சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல அண்ணே, ஒண்ணும் சொல்லல" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எதையோ யாரோ கொடுத்துவிட்டு இவன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை அறையைத் திறந்தபோது ஊசியக்கா வாசலில் நின்றாள். கிழிந்த சாக்குகளை உட்கார்ந்த இடத்தில் தைத்துக் கொடுப்பவள். கிடங்கில் அட்வான்ஸே வாங்காதவர்கள் மேஸ்திரியும் அவளும்தான். மேஸ்திரி சீட்டையே பிரித்துப் பார்க்கமாட்டார். அவள் பிரித்துப் பார்த்திருந்தாள்.

"தம்பி, நான் எப்பப்பா கடன் வாங்கினேன்?"

"நீங்களா? நீங்க வாங்கமாட்டீங்களே அக்கா."

"அதான் நானும் நெனச்சேன். ஐநூறு பிடிச்சிருக்கு. இன்னும் ஆயிரத்து நானூத்து நாப்பத்து நாலு பாக்கியாம். தூக்கத்துல நடந்துவந்து வாங்கினேனா? வாங்கியிருந்தா அந்தக் காசு எங்க, அதையாவது சொல்லு, போய் எடுத்துக்கறேன்."

அவள் சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் சீட்டைப் பிடித்த விரல் சிரிக்கவில்லை. அந்த ஐநூறுக்கு அவளிடம் ஏற்கெனவே ஒரு வேலை இருந்திருக்கும்.

ஆபீசர் சீட்டை வாங்கிப் பார்த்தான். வில்லை எண் இருக்க வேண்டிய இடம் காலி. 1444. அதோடு ஐநூறைக் கூட்டினான். 1944. நிமிர்ந்தான். அவள் சேலையில் குத்தியிருந்த பித்தளை வில்லையில் அதே எண் தேய்ந்துபோய் மின்னியது.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க."

திரையில் அவள் வரிசையைத் திறந்தான். அவள் பாக்கி 0.00. வலப்பக்கத்திலிருந்து வெட்டச் சொன்னதும் டிக்கிள் ஒரு பூஜ்யத்தை வெட்டியது, இன்னொன்றை வெட்டியது, புள்ளியை வெட்டியது, மிச்சமிருந்த பூஜ்யத்தையும் வெட்டியது. ஒன்றுமில்லாத சரம் மிஞ்சியது. லிஸ்ட் என்ற அந்த வீண் சொல் இருந்திருந்தால் ஒன்றுமில்லாததற்கும் இரண்டு அடைப்புக்குறி போட்டு அதன் இடத்தைக் காப்பாற்றியிருக்கும். இவன் வெறும் இடைவெளி விட்டு எழுதியிருந்தான். இடைவெளியோடு இடைவெளி சேர்ந்துகொண்டது. நான்காவதாக நின்ற வில்லை எண் நகர்ந்துவந்து மூன்றாவது இடத்தில் உட்கார்ந்து கடனாகிவிட்டது.

தான் கொடுத்த கட்டளையை மறுபடி படித்தான். புள்ளியும் இரண்டு பூஜ்யமும் என்று அவன் சொன்னதை டிக்கிள் அப்படியே ஒரு துண்டாக எடுத்துக்கொள்ளவில்லை. புள்ளியோ பூஜ்யமோ எது வந்தாலும் வெட்டு, வேறு எழுத்து வரும்வரை நிறுத்தாதே என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 6135இல் ஐந்து வந்து தடுத்தது. தடுக்க ஆளில்லாதவர்களுக்கு?

கொக்கியின் வரிசையைத் திறந்தான். போன வாரம் 28000.00. இந்த வாரம் 28. ஐநூறுகூட இல்லாததால் இருபத்தெட்டும் பிடித்தம், பாக்கி பூஜ்யம்.

ஆயிரம் கடன்பட்டவன் ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். நாலாயிரத்து ஐநூறு பட்டவன் நாற்பத்தைந்தைக் கட்டியிருக்கிறான். எண்பது பேருக்கு மேல் ஊமைகளாகிச் சீட்டை மடித்த காரணம் இப்போது விளங்கியது. தோளில் விழுந்த கைக்கும் காரணம் விளங்கியது.

"என்ன தம்பி, முகம் இப்படிப் போகுது? பெரிய கடனா வாங்கிட்டேன் போல" என்றாள் ஊசியக்கா.

"உங்க கடன் இல்லக்கா. என்னோடது."

தன் சட்டைப் பையிலிருந்து ஐநூறு எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் உடனே வாங்கவில்லை. "இது கம்பெனி காசா, உன் காசா?" என்று கேட்டாள். "கம்பெனி தரும்போது நான் எடுத்துக்கறேன், நீங்க வாங்குங்க" என்றான். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, "சரி, தையல்ல ஒரு கண்ணி விட்டுப்போச்சுன்னா பிரிச்சுத்தான் தைக்கணும், உக்காந்து பாத்துட்டிருந்தா சேராது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தன் வேலையைப் பற்றித்தான் சொன்னாள். இவனுக்கு எங்கோ போய்க் குத்தியது.

திருத்துவது பெரிய காரியமில்லை. போன வாரக் கோப்பின் நகல் இருந்தது. பாக்கியை ஓரத்தில் வெட்டாமல் புள்ளியில் பிளக்க வேண்டும். ஸ்ப்ளிட். இரண்டு துண்டு வரும். முதல் துண்டை எடுத்துக்கொண்டால் போதும். 28000.00இல் 28000 கிடைக்கும். 0.00இல் ஒரு பூஜ்யம் தன் இடத்தை விடாமல் நிற்கும். லிஸ்ட் என்ற சொல்லைத் திரும்பப் போட வேண்டும். அரைமணி நேர வேலை. செய்து முடித்தான். எண்பது பேருடைய கடனும் திரும்பி வந்தது.

கடைசியாக ஒரு வரி சேர்த்தான். பெயர் கொக்கியினுடையதாக இருந்தால் பாக்கியைப் பூஜ்யமாகவே விட்டுவிடு. ஒரே ஒரு நிபந்தனை. யார் பார்க்கப் போகிறார்கள்? பேரேடு எழுதும் கணக்கம்மா மொத்தத் தொகையைப் பார்ப்பாள். இருபத்தெட்டாயிரம் குறைந்தால் தேடுவாள், தேடினாலும் இந்த வரியைப் படிக்க அவளுக்குத் தெரியாது. கொக்கி தோளை ஆற்றிக்கொள்வான். அவன் மனைவி அண்ணே அண்ணே என்பாள்.

எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தப்பு செய்தது மெஷின். பணம் முதலாளியுடையது. கையெழுத்து கொக்கியுடையது. கடன் மட்டும் இவனுடையது. இந்த வரியில் இவன் எங்கேயும் இல்லை. அடுத்தவன் பந்தியில் இலை போட்டு விருந்து வைத்ததாகப் பெயர் வாங்குகிற வேலை. கொக்கியின் கை தோளில் இருந்த இடம் அரித்தது.

அந்த வரியை அழித்தான்.

கொக்கி எடை மேடைக்குப் பின்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். இடது கையால் மட்டும் கழுவினான்.

"மச்சான், ரெண்டாவது ஷிஃப்ட்ல பேரை எடுக்கச் சொல்லிட்டியா?"

"வந்ததும் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். ஏன், கேட்டுட்டு சொல்லணுமா ஆபீசரை?" முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்லி, ஈரக் கையால் சலாமும் போட்டான். சந்தோஷத்தில் போட்டது.

"அந்தக் கடன் போகலடா."

"எந்தக் கடன்?"

"இருபத்தெட்டாயிரம். அப்படியே இருக்கு. நான் எழுதினதுல தப்பு. பூஜ்யமெல்லாம் உதிர்ந்துபோச்சு. உனக்கு மட்டுமில்ல, எண்பது பேருக்கு மேல. இப்பதான் சரி பண்ணேன்."

கொக்கி குழாயை மூடினான். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"அப்ப, எனக்குன்னு நீ ஒண்ணும் பண்ணல."

"இல்ல."

"எண்பது பேர்ல நானும் ஒருத்தன்."

ஆமாம் என்று ஆபீசர் தலையாட்டினான்.

"நேத்து பூரா என் பொண்டாட்டிகிட்ட உன்னைப் பத்திப் பேசிட்டிருந்தேன்டா. பாத்தியா, பாத்தியா, என் சிநேகிதன்னு. அவ அழுதா." அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சரி, விடு. மேஸ்திரி இன்னும் பேரை அடிச்சிருக்க மாட்டான். போய்ச் சொல்லிக்கறேன்."

"போகாத. அந்தக் கடனை என் பேருக்கு மாத்தப் போறேன். கணக்கம்மாகிட்ட இப்பவே போறேன். உன் கையெழுத்து வேணும்."

கொக்கி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"மெஷின் தப்புப் பண்ணலன்னா உனக்கு ஞாபகமே வந்திருக்காதுல்ல?"

வந்துகொண்டுதான் இருந்தது, தினமும் வந்தது, வந்ததைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது இன்னும் கேவலம். ஆபீசர் கணக்கம்மாவின் அறையைப் பார்த்து நடந்தான்.

கணக்கம்மாவின் மேஜைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். அவள் முதலில் எண்பது பேர் கதையைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதான் நேத்து ஒருத்தன் எனக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தான். நானும் தின்னுட்டேன்." பிறகு இரண்டாவது விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"கடன் என்னப்பா பஸ் சீட்டா, எழுந்து இடம் கொடுக்க? உன் பேர்ல ஏற்கெனவே ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கு. அன்னைக்கு அதனாலதானே உனக்குத் தரல?"

"வாரம் ஐநூறுக்கு மேல பிடிங்கம்மா. எண்ணூறு பிடிங்க."

"எண்ணூறு பிடிச்சா வீட்டுல எதை அடுப்புல வைப்ப, சீட்டையா?"

"பிடிங்கம்மா."

அவள் முதலாளிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்துச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மூட்டை தூக்குகிறவன் இன்றைக்கு இருப்பான் நாளைக்கு இருக்கமாட்டான், நாற்காலியில் இருப்பவன் முதுகை வைத்துக்கொண்டு எங்கே ஓடப் போகிறான், மாற்றிக்கொள்ளட்டும், அப்படியே என் பூஜ்யத்தை எவனாவது இனிமேல் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல். அவ்வளவுதான்.

கணக்கம்மா தாள் எழுதினாள். ஆபீசர் எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டான். கொக்கியும் போட்டான். தோள் வலியில் கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அவள் அவன் பெயருக்கு நேரே குறுக்குக் கோடு இழுத்து, பாக்கி இல்லை என்று எழுதி முத்திரை குத்தினாள்.

வெளியே வந்ததும் ஆபீசர் கொக்கியின் பின்னாலேயே நடந்தான்.

"இன்னும் இருக்கு மச்சான். நான் நிறுத்தினப்புறம் நீ கட்டினது. பதினெட்டு வாரம். ஒன்பதாயிரம். அதையும் கொஞ்சம் கொஞ்சமா..."

"அது வேணாம்."

"நீ அப்படிச் சொல்லக் கூடாது. அதுவும் என் கடன்தான்."

"வேணாம்னு சொன்னேன்ல? கம்பெனி கடனை எழுதிட்ட, அது சரி. இதை எந்த மெஷின்லயும் எழுதாத, எங்கயும் எழுதாத. எனக்கு வேணாம்." கொக்கி நின்று திரும்பினான். குரல் ஏறவில்லை. "அதையும் கொடுத்துட்டா நீ நிம்மதியா தூங்கிடுவ. தூங்காத."

சொல்லிவிட்டு வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு லாரியைப் பார்க்கப் போனான். முதல் ஷிஃப்டுக்கு மணி அடித்தது.